ஐந்து நட்சத்திர வீடு

தூப்பாய் ஃபைபர் நிறுவனத்தின் காத்திருப்பு இசை ஜாக்லினுக்கு மனப்பாடம். ஸ்டானிஸ்லாஸிடம் உதவியாளராகச் சேருவதற்கு முன்பு அவள் ஜொகூர் பாருவில் அந்த இன்டர்நெட் கம்பெனியின் கால் சென்டரில்தான் வேலை பார்த்தாள். இப்போது அதே இசை மேசைமேல் கிடந்த போனிலிருந்து ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு துண்டை எடுத்துப் போனின் மேல் போட்டு மூடிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தாள்.

“சாகக் கெடக்கறவனுக்கு இந்தப் பாட்டப் போட்டா சீக்கிரம் போய்ச் சேந்துருவான் பாஸ்,” என்றாள்.

ஸ்டானிஸ்லாஸ் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். குலாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் காலையிலேயே வெக்கை ஏறியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் களைத்தவர், தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கினால் கொஞ்சம் சுவாரசியமாக இருக்கும் என்று நினைத்தார். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற கணவன்மார்கள் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று காருக்குள்ளிருந்து பார்ப்பதுதான் தொழிலாக அமைந்தது. அதிலும் இப்போது களைத்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் விவகாரம் வேறு மாதிரி இருந்தது. அவள் பெயர் ரூபினி. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பேசும்போது இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டாள். அந்த மணிக்கட்டை உடைத்தவன் அவளுடைய கணவன் தீபன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்து, அவன் தன்னை நெருங்கக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவும் வாங்கியிருந்தாள். பிறகு செடெனாக்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னக் குடியிருப்புத் தாமானில், வரிசையின் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டாள். முகவரியைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. போன் நம்பரை மாற்றினாள். முகநூலை மூடினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட வெளியே வந்தபோது கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி தீபன் நின்றிருந்தான். கத்தவில்லை. மிரட்டவில்லை. வீடு நன்றாக இருக்கிறது ரூபி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான். போலீசில் சொன்னபோது, தான் அன்றைக்கு மாசாயில் நண்பன் வீட்டில் இருந்ததாக அவன் சாதித்தான். பார்த்த சாட்சி யாருமில்லை. அன்றிலிருந்து ரூபினி உடன் வேலை செய்யும் ஷரோன் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாள்.

“வேற வீடு பாத்துப் போயிடுவேன் சார். அதுக்குக்கூட தெம்பு இல்ல, ஆனா போயிடுவேன்,” என்றாள் ரூபினி. “எப்படித் தெரிஞ்சிதுன்னு தெரியாமப் போனா அங்கயும் வந்து நிப்பாரு. ஓட்ட எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சிக் குடுங்க.”

யார் யாருக்கு அந்த முகவரி தெரியும் என்று ஸ்டானிஸ்லாஸ் கேட்டார். மின்சாரமும் தண்ணீரும் வீட்டுக்காரச் சீனக் கிழவியின் பெயரில் இருந்தன. தபால் எல்லாம் தொழிற்சாலைக்குத்தான் வரும். ரூபினியின் பெயரும் அந்த வீட்டு முகவரியும் ஒன்றாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: தூப்பாய் ஃபைபர். பழைய வீட்டு லைன் அவள் பெயரில் இருந்தது. ஒப்பந்தம் முடியாததால் அதையே செடெனாக்குக்கு மாற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் அலுப்புடன் சொன்னாள். மாற்றிய நாளிலிருந்தே லைனில் உயிரில்லை. போன் அடித்தால் டெக்னீசியன் வருவார் என்பார்கள். யாரும் வரமாட்டார்கள். மறுபடி அடித்தால், நாங்கள் அனுப்பிய மெசேஜுக்கு நீங்கள் பதில் போடவில்லை, அதனால் ரத்தாகிவிட்டது என்பார்கள். அப்படி ஒரு மெசேஜ் அவளுக்கு வந்ததே இல்லை. நம்பர் தப்பாக இருக்கிறதோ என்று அவர்களுடைய கவுன்டருக்கே நேரில் போய்ப் புது நம்பரைக் கொடுத்தாள். மாற்றியாயிற்று என்றார்கள். மாற்றியதும் உண்மைதான், அடுத்த பில் புது நம்பருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னாலேயே கடன் கொடுக்கிறவர்களும் தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர்களும் அந்த நம்பருக்கு வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“என் புது நம்பர் ஊருக்கே தெரியுது சார். டெக்னீசியன அனுப்பறவங்களுக்கு மட்டும் தெரியல.”

கடைசியில் ஒரு நாள், அவள் எதிர்பார்க்காத நேரத்தில், டெக்னீசியன் ஒருவர் தானாகவே வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கேபிளை மாற்றி, மோடத்தை மாற்றி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். லைன் அருமையாக வேலை செய்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் தீபன் வந்து நின்றான்.

ஜாக்லின் மெல்லுவதை நிறுத்தினாள். “தூப்பாய்லேர்ந்து ஒருத்தன் தானா வந்து, லைனச் சரி பண்ணி, சாரியும் சொன்னானா? அக்கா, நீங்க அப்பவே கதவச் சாத்தியிருக்கணும்.”

ரூபினி சிரித்தாள். சிரித்துப் பல நாள் ஆகியிருக்கும் போல, அது பாதியிலேயே நின்றுவிட்டது.

துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஜாக்லின் போனை எடுத்து, செடெனாக் வீட்டுக்கு அன்று வந்த டெக்னீசியனின் பெயர் வேண்டும் என்று மலாயில் மிகப் பணிவாகக் கேட்டாள். எதிர்முனையில் இருந்தவர் இன்னும் பணிவாக மறுத்தார். பணியாளர்களின் சொந்த விவரங்களை வெளியே சொல்வது கம்பெனியின் கொள்கைக்கு விரோதமாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

“அவன் பேரு ரகசியமாம் பாஸ். இவங்க வீட்டு அட்ரஸ்தான் ஊர்ச் சொத்து.”

டெக்னீசியன்தான் முகவரியை விற்றிருக்கவேண்டும் என்பது ஜாக்லினின் கட்சி. வேறு தடயமும் இல்லாததால் ஸ்டானிஸ்லாஸ் அதையே பிடித்துக்கொண்டார். அந்த ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டதற்கு, ஒல்லியான தமிழ்ப் பையன், முப்பது வயதிருக்கும், வேனின் பின்கண்ணாடியில் வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது என்றாள் ரூபினி.

கம்பெனி காப்பாற்றிய ரகசியத்தை ஜாக்லின் அரை மணி நேரத்தில் உடைத்தாள். தூப்பாய் ஃபைபரின் முகநூல் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று எல்லா மொழியிலும் திட்டு. அவள் தேடியது திட்டை அல்ல. நல்லபடியாக வேலை செய்கிற ஒரே ஒரு டெக்னீசியன் இருந்தால், அவனை யாராவது பாராட்டாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அந்தத் திட்டுக் கடலுக்குள் ஒரு நன்றி கிடந்தது. பாலோவில் மளிகைக் கடை வைத்திருக்கும் செல்லம் என்ற அம்மா, தம்பி நல்லா இருக்கணும் என்று எழுதி, கடை வாசலில் ஒரு ஒல்லிப் பையனோடு நின்று எடுத்த படத்தையும் போட்டிருந்தார். பின்னால் வேன். வேனில் வேல்.

ரூபினி படத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

*

பாலோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. செல்லம் அம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வந்தவர்கள் யார் என்று அவர் கேட்கவே இல்லை. ஜாக்லின் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு, படத்தில் இருக்கும் தம்பி நன்றாக லைன் போடுவாராமே என்று ஆரம்பித்ததும் எல்லாம் தானாக வந்தது. பெயர் செல்வா. வீடு குளுவாங்கில். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், போன மாதம் ரத்த அழுத்தம் அதிகமாகி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கம்பெனி ஆள் இல்லை, கம்பெனி வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரரிடம் வேலை. இன்றைக்குக் காஹாங்கில், செம்பனை ஆலை வீடுகளில் இருப்பான். போன் நம்பரை அவர் தன் போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“நல்ல பையன் தங்கச்சி. நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஒடனே வந்துருவான்.”

காருக்குத் திரும்பியதும் ஸ்டானிஸ்லாஸ் கொஞ்ச நேரம் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாஸ்?”

“ஒன்னுமில்ல. இந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் துளி இல்ல. ஆனா ஒரு தண்ணி பாட்டிலுக்கு அந்தப் பையன் பெண்டாட்டியோட ரத்த அழுத்தம் வரைக்கும் சொல்லிட்டாங்க.”

குளுவாங்கைத் தாண்டியதும் இரு பக்கமும் செம்பனைதான். வழியெல்லாம் ஜாக்லின் தன் கட்சியை வலுப்படுத்திக்கொண்டு வந்தாள். பிள்ளை பிறக்கப் போகிறது, பணம் தேவைப்பட்டிருக்கும், தீபன் கொடுத்திருப்பான். ஸ்டானிஸ்லாஸுக்கு அதில் ஒரு இடம் இடித்தது. முகவரியை விற்க வந்தவன் அதை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறான். அவன் எதற்கு வெயிலில் ஏணி ஏறி லைனை அவ்வளவு நன்றாகச் சரி செய்யவேண்டும்?

“தொழில் பக்தி பாஸ்,” என்றாள் ஜாக்லின். அவளுக்கே அது சரியாகப் படவில்லை.

*

செல்வா ஆலை வீடுகளின் கோடியில் ஒரு கம்பத்தில் சாத்திய ஏணியில் நின்றிருந்தான். செடெனாக் கடைசி வீட்டைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று ஸ்டானிஸ்லாஸ் கீழிருந்து சொன்னார். விற்றவன் என்றால் முகம் மாறும் என்று எதிர்பார்த்தார். முகம் மாறத்தான் செய்தது. மலர்ந்தது.

“அஞ்சு ஸ்டார் வீடு,” என்றபடி கீழே இறங்கினான். “அந்த அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேன் சார்.”

வேலை முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போகும், அதில் நட்சத்திரம் கொடுக்கச் சொல்வார்கள் என்று அவன் விளக்கினான். கம்பெனி மேல் உள்ள ஆத்திரத்தையெல்லாம் ஜனங்கள் அதில்தான் காட்டுவார்கள். எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அவனுக்கு ஒன்றுதான் விழும். செடெனாக் வீட்டிலிருந்து மட்டும் ஐந்து நட்சத்திரமும், கூடவே நாலு வரி பாராட்டும் வந்திருந்தன. சூப்பர்வைசர் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினாராம்.

ஜாக்லின் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்தாள். அவர் சற்றுத் தள்ளிப் போய் ரூபினிக்குப் போன் போட்டார். நட்சத்திரம் கொடுத்தீர்களா என்று கேட்டார். எனக்கு எந்த மெசேஜும் வந்ததே இல்லை என்றேனே, பிறகு எதில் கொடுப்பது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

ஸ்டானிஸ்லாஸ் திரும்பி வந்தார். “செல்வா, அன்னிக்கி வீடு தேடுறப்ப யாருக்குப் போன் பண்ணீங்க?”

“வேலையோட வந்த நம்பருக்குத்தான் சார். அந்தத் தாமான் புதுசு, மேப்ல சரியா காட்டல. அக்காவோட வீட்டுக்காரரு எடுத்தாரு. ரொம்ப நல்ல மனுஷன்.”

அந்த நல்ல மனுஷன் சொன்னதையெல்லாம் செல்வா ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். தான் சிங்கப்பூரில் வேலையில் இருப்பதாகச் சொன்னாராம். மனைவி தனியாக இருக்கிறாள், பயந்த சுபாவம், நான் பேசியதாகச் சொல்லவேண்டாம் என்றாராம். சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும், வீட்டு முகப்பைப் படம் பிடித்து அனுப்பு தம்பி என்றாராம்.

“அனுப்புனீங்களா?”

“அனுப்புனேன் சார். வீட்டு கேட்டு, ரோட்டுப் பேரு போட்ட பலக, எல்லாம் தெரியற மாதிரி.”

அவன் போனில் இருந்த நம்பரை ஸ்டானிஸ்லாஸ் பார்த்தார். ரூபினி காலையில் தந்திருந்த தீபனின் நம்பர் அது. விஷயத்தைச் சொன்னபோது செல்வா ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த கேபிளைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

“அவங்களுக்கு ஒன்னும் ஆகலையே சார்?” என்று கேட்டான்.

ஒன்றும் ஆகவில்லை, ஆகாமல் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

மீதியை ஜாக்லின் தன் பழைய வேலை அனுபவத்தில் விளக்கினாள். அந்தக் கம்பெனியில் ஒரு கணக்குக்கு இரண்டு நம்பர் உண்டு. பில்லுக்கு ஒன்று, டெக்னீசியனுக்கு ஒன்று. கவுன்டரில் இருந்தவர் முதலாவதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பழைய வீட்டில் லைன் போட்ட காலத்தில் தீபன் கொடுத்த நம்பர் இரண்டாவது இடத்தில் அப்படியே இருந்தது. ரூபினி ஒவ்வொரு முறை புகார் செய்தபோதும், டெக்னீசியன் வரும் நாள், நேரம், முழு முகவரி எல்லாம் தீபனுக்குப் போயிருக்கின்றன. சம்மதமானால் ஒன்றை அழுத்தவும் என்ற வரியோடு. விளம்பரம் என்று நினைத்து அவன் பார்க்காமல் விட்டிருக்கவேண்டும். அதனால்தான் டெக்னீசியன் வரவில்லை. ஒரு நாள் பார்த்திருக்கிறான். செடெனாக் என்று இருந்தது. ஒன்றை அழுத்தினான். வேலை முடிந்ததும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவனும் அவன்தான்.

எந்தத் திருடனும் இல்லை, எவனும் எதையும் விற்கவில்லை. அவள் விடாமல் உதவி கேட்டாள், கம்பெனி விடாமல் அவனுக்குத் தகவல் சொன்னது. முகவரியை விற்ற ஒரு பொல்லாதவன் சிக்கியிருந்தால் ஸ்டானிஸ்லாஸுக்கு இந்த அளவு அலுப்பு வந்திருக்காது.

ஸ்டானிஸ்லாஸ் எல்லாவற்றையும் ரூபினிக்குப் போனில் சொன்னார்.

“அப்ப எனக்கு லைன் சரியானதே அவராலதானா?” என்றாள் அவள்.

*

நம்பரை மாற்றிவிட்டால் ஓட்டை அடைபடும் என்று ஜாக்லின் அங்கிருந்தே மறுபடி கம்பெனிக்கு அடித்தாள். பாட்டு முடிந்து ஆள் வந்தபோது கார் குளுவாங்கைத் தாண்டிவிட்டது. மாற்றலாம், ஆனால் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்புவோம், அதைச் சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார்கள். பதிவாகியிருப்பது யார் நம்பர் என்று சொல்லியும் பார்த்தாள். பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பதில் வந்தது. புகாருக்கு ஒரு எண் கொடுத்தார்கள். வீட்டு முகவரியை மாற்ற என்ன செய்யவேண்டும் என்று ஜாக்லின் கேட்டாள். அதற்குக் குறியீடெல்லாம் வேண்டாம், இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

“வீட்டையே மாத்தலாமாம் பாஸ். நம்பரத்தான் மாத்த முடியாதாம்.”

ஸ்டானிஸ்லாஸ் காரை ஓரமாக நிறுத்தினார்.

“அப்படின்னா நம்பர் அங்கயே இருக்கட்டும்,” என்றார்.

மறுநாள் இருவரும் ரூபினியை அழைத்துக்கொண்டு, அவள் வழக்கை விசாரிக்கும் போலீஸ் சார்ஜன் நோரைனியைப் போய்ப் பார்த்தார்கள். லைனை ஒரு காலி வீட்டுக்கு மாற்றித் தீபனை அங்கே வரவைக்கும் யோசனையைச் சார்ஜன் கேட்டுக்கொண்டு, நாம் அவனை அழைக்கவில்லையே, கம்பெனிதானே அழைக்கப்போகிறது என்று மலாயில் சொன்னார். ஜாக்லினின் சித்தப்பா மகனுக்குக் குலாயில் ஒரு வீடு வாடகைக்கு ஆள் வராமல் காலியாகக் கிடந்தது. ரூபினி இணையத்தில் லைனை அந்த முகவரிக்கு மாற்றச் சொல்லிப் பதிவு செய்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணி என்று நேரம் குறிக்கப்பட்டது. அவளுக்கு எந்த மெசேஜும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் யாரோ ஒன்றை அழுத்தியிருந்தார்கள். செல்வா சூப்பர்வைசரிடம் கெஞ்சி அந்த வேலையைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை சார்ஜன் நோரைனியும் இன்னொரு காவலரும் சாதாரண உடையில் அந்த வெற்று ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ரூபினி வரவேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவள் வந்திருந்தாள். பின்னறையில் ஜாக்லினோடு தரையில் உட்கார்ந்து, வாங்கி வந்த கோப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தாள். செல்வா வேலை முடித்துப் போன பிறகு, முன்போலவே தீபன் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான், அப்போது உத்தரவை மீறியதற்குப் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

ஒன்பதரைக்கு ஸ்டானிஸ்லாஸின் போன் அதிர்ந்தது. பேசியது செல்வா. தீபன் கூப்பிட்டிருந்தான். மறுபடி படம் கேட்டான், சொல்லியிருந்தபடி செல்வா அனுப்பிவிட்டான். அதோடு விடவில்லை.

“ஒரு மணி நேரம் லேட்டா வரச் சொல்றாரு சார். வைஃப் கோயிலுக்குப் போயிருக்காங்க, பதினோரு மணிக்கு வாங்க தம்பின்னாரு.”

ஸ்டானிஸ்லாஸ் போனை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்தார். தீபனின் கணக்குப்படி, பத்து மணிக்கு டெக்னீசியன் வருவான் என்று இந்த வீட்டில் ஒரு பெண் காத்திருப்பாள். டெக்னீசியன் வரமாட்டான். ஆனால் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டால் அவள் யோசிக்காமல் திறப்பாள்.

“கேட்டுக்கு வெளிய நிக்க வரல,” என்றார் சார்ஜனிடம். “உள்ள வர்றான்.”

சார்ஜன் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இன்னொரு காவலர் பின்வாசலுக்குப் போனார்.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. செருப்பைக் கழற்றும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. கதவில் மூன்று தட்டு.

“புவான், தூப்பாய் ஃபைபர்.”

குரலைத் தாழ்த்தி, மலாயில், ரொம்ப மரியாதையாக வந்தது. பின்னறையில் ரூபினி எழுந்து நின்றாள். ஜாக்லின் அவள் கையைப் பிடித்தாள். ரூபினி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஹாலுக்கு நடந்தாள்.

சார்ஜன் கதவைத் திறந்தார். தூப்பாய் ஃபைபரின் அணில் சின்னம் போட்ட தொப்பியை நெற்றி வரை இறக்கியிருந்தவன், எதிரே முன்பின் தெரியாத மலாய்க்காரப் பெண்ணைப் பார்த்ததும், வீடு மாறி வந்துவிட்டேன் என்று பின்வாங்கினான். அப்போது அவருக்குப் பின்னால் ரூபினி நிற்பதைக் கண்டான். அந்த ஒரு நொடியில் அவனுடைய பழைய சிரிப்பு முகத்துக்கு வந்தது.

“ரூபி, இவங்க யாரு?” என்றான்.

சார்ஜன் தன் அடையாள அட்டையைக் காட்டினார். பின்வாசல் பக்கமிருந்து காவலர் சுற்றிக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். தீபன் ஓடவில்லை. இது குடும்ப விஷயம், நான் என் மனைவியைப் பார்க்க வந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தோளில் மாட்டியிருந்த பையைத் திறக்கச் சொன்னார்கள். அதில் கேபிளோ ஸ்குரூ டிரைவரோ இல்லை. கேட்டுக்குப் போடும் தடித்த சங்கிலி ஒன்றும், புதுப் பூட்டு ஒன்றும் இருந்தன.

ரூபினி அந்தப் பூட்டைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரும் அவளை அழவேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினோரு மணிக்குச் செல்வா தன் வேனில் வந்து இறங்கினான். எங்கே நிற்பது என்று தெரியாமல் கேட்டோரமே நின்றான். ரூபினி வெளியே போனாள். அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான், அவள் முடிக்க விடவில்லை.

“இனிமே வீட்டுக்குள்ள இருக்கறவங்ககிட்ட மட்டும் வழி கேளுங்க தம்பி,” என்றாள். “பெண்டாட்டிய நல்லா பாத்துக்குங்க.”

*

போலீஸ் பாலாயில் வாக்குமூலம் எழுத மத்தியானம் ஆகிவிட்டது. மேசைக்கு ஒரு பக்கம் சார்ஜன் நோரைனி, எதிரே ரூபினி, சுவரோரப் பெஞ்சில் ஸ்டானிஸ்லாஸும் ஜாக்லினும். மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. ஜாக்லின் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

பெயர், அடையாள அட்டை எண், தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டே வந்த சார்ஜன், இப்போது தங்கியிருக்கும் முகவரி என்றார். ரூபினி ஷரோன் வீட்டிலிருந்து நேற்றே மாறிவிட்டிருந்தாள். வேறொரு ஊரில் வீடு கிடைத்துவிட்டது என்று மட்டும் காலையில் சொன்னாள்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சார்ஜனைப் பார்த்தாள். பிறகு தன்னையறியாமல் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் உடனே எழுந்து ஜாக்லினின் தோளைத் தட்டினார். அவள் என்ன ஏதென்று புரியாமல் அவர் பின்னால் வாசல் வரை வந்தாள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே ரூபினியின் உதடுகள் அசைவதும் சார்ஜனின் விரல்கள் தட்டுவதும் தெரிந்தன. சத்தம் வரவில்லை.

“நமக்குக்கூட சொல்லக்கூடாதா பாஸ்?” என்றாள் ஜாக்லின். “நாம கண்டுபிடிக்கணும்னு நெனச்சா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவோம்.”

“தெரியும்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “அதான் வெளிய வந்தேன்.”